அடர்த்திக் கோப்பு மக்கர் செய்தால்: மீள் அளவீடுகளுக்கு அறிகுறி வாரியாகப் பழுதுபார்ப்பு

ஒரே பெண்ணுக்கு ஐந்தாறு முறை எடுத்த மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அவற்றிலிருந்து கணக்கிட்ட ஐந்தாறு அடர்த்தி எண்கள், கடைசிப் பத்தியில் (நெடுவரிசையில்) மார்பகப் புற்றுநோய் வந்ததா இல்லையா. இப்படி ஒரு கோப்போடு என் மேசைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல் போடலாம்?" என்பதுதான். கோளாறு மாடலில், அதாவது புள்ளியியல் சமன்பாட்டில், இருப்பது அபூர்வம். தேதியில் இருக்கும், மெஷினில் இருக்கும், யாரோ ஒருவர் அவசரத்தில் இணைத்த எக்செல் தாளில் இருக்கும். திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளை அறிகுறிப்படி இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

அடர்த்தி என்று நான் சொல்வது, மாமோகிராமில் வெள்ளையாகத் தெரியும் திசு மொத்த மார்பகத்தில் எத்தனை சதவீதம் என்பதை. 2007-இல் கனடாவின் நார்மன் பாய்ட் குழு வெளியிட்ட ஆய்வில், 75 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு, 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களைவிட ஆபத்து 4.7 மடங்கு. அது ஒரே ஒரு படத்தை வைத்துச் சொன்னது. வருடக்கணக்கில் அந்த எண் எப்படி மாறுகிறது என்று கேட்கத் தொடங்கியதும்தான் கீழே உள்ள தலைவலிகள் எல்லாம் வருகின்றன.

## எதையும் தொடும் முன்

ஒரு வரிசையில் ஒரு பெண், ஒரு தேதி, ஒரு பக்கம், ஒரு கோணம் மட்டும் இருக்கட்டும். வழக்கமான மாமோகிராமில் இடது, வலது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோணம் என்று நான்கு படம். ஆறு முறை வந்த பெண்ணுக்கு 24 வரிசை வர வேண்டும். 23 வந்தால் ஏன் என்று பாருங்கள், 27 வந்தால் கட்டாயம் பாருங்கள்.

அப்புறம் முப்பது பெண்களைக் குலுக்கி எடுத்து, வயதுக்கு எதிராக அவரவர் அடர்த்தியைக் கோடாக வரையுங்கள். இடியாப்பம் மாதிரி இருக்கும். பரவாயில்லை, கண் பழகிவிடும். பாதிக் கோளாறு இந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும். ஒரு கோடு பின்னோக்கிப் போய்த் திரும்பினால் அது தேதிக் கோளாறு: 03/04/2015 என்பதை எக்செல் ஒரு கணினியில் ஏப்ரல் 3 என்றும் இன்னொன்றில் மார்ச் 4 என்றும் படித்திருக்கும்.

## அறிகுறி 1: இறங்க வேண்டிய கோடு திடீரென்று மேலே தாவுகிறது

நான் பார்த்த ஒரு பெண்ணின் வரிசை இது. எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன், வடிவம் அதேதான். 2011-இல் 28 சதவீதம், 2013-இல் 25, 2015-இல் 23, 2017-இல் 34, 2019-இல் 31. வயது 52-லிருந்து 60. அந்த வயதில் அடர்த்தி மெல்ல இறங்குவதுதான் இயல்பு. 23-லிருந்து 34-க்கு ஏறியது எப்படி?

அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் தாவினால்

முதலில் பக்கத்தைப் பாருங்கள். இடது, வலது மாறிப் பதிவாகியிருக்கலாம். அடுத்து அடையாள எண்: ஒரே பெயர் கொண்ட இருவரின் படங்கள் ஒரே எண்ணுக்குள் புகுந்திருக்கலாம். அடுத்து மருந்து. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த ஹார்மோன் சிகிச்சை அடர்த்தியை ஏற்றும், மார்பகப் புற்றுநோய் மருந்தான டாமாக்சிஃபென் இறக்கும். கடைசியில் எடை. பத்துக் கிலோ குறைந்தால் மார்பகத்தில் கொழுப்பு சுருங்கும். வெள்ளைத் திசு அப்படியே இருந்தாலும் சதவீதம் ஏறிவிடும். இதைச் சோதிக்கச் சதவீதத்தை விட்டுவிட்டு, அடர்த்தியான பரப்பைச் சதுர செ.மீ.யில் பாருங்கள். பரப்பு மாறாமல் சதவீதம் மட்டும் தாவியிருந்தால் காரணம் பெரும்பாலும் எடைதான்.

எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வருடத்தில் தாவினால்

மெஷின் மாறியிருக்கிறது, அல்லது மென்பொருளின் பதிப்பு மாறியிருக்கிறது. டைகாம் (மருத்துவப் படங்களைச் சேமிக்கும் வடிவம்) கோப்பின் தலைப்பில் தயாரிப்பாளர் பெயர், மெஷினின் மாடல், தேதி எல்லாம் இருக்கும். அவற்றை இழுத்து ஒரு பத்தியாகச் சேர்த்து, வருடவாரியாக எண்ணுங்கள். அதே தலைப்பில் இன்னொரு விவரமும் உண்டு: படம் கச்சா வடிவமா, மருத்துவர் பார்ப்பதற்காக மெருகேற்றியதா என்பது. வோல்பாரா போன்ற கன அளவு மென்பொருள்கள் கச்சாப் படத்தை எதிர்பார்ப்பவை. பல மருத்துவமனைகள் சேமித்து வைப்பதோ மெருகேற்றியதை மட்டும். இரண்டும் கலந்த கோப்பில் வரும் தாவலுக்கும் மார்பகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மேலே சொன்ன பெண் விஷயத்திலும் அதுதான் நடந்தது. 2016-இல் புது மெஷின். மூன்று மாதம் அந்த 34-க்கு உயிரியல் விளக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மனிதக் கண் அளந்திருந்தால்

டொரன்டோவில் உருவான க்யூமுலஸ் மாதிரி மென்பொருளில், எல்லைக்கோட்டை நகர்த்தி எது வெள்ளை என்று முடிவு செய்வது ஒரு மனிதர். அவர் கை காலப்போக்கில் நகரும். படங்களைத் தேதி வரிசையில் அளந்திருந்தால் அந்த நகர்வு முழுக்க "வயதின் விளைவு" ஆக மாறிவிடும். ஒரு பெண்ணின் எல்லாப் படத்தையும் ஒரே தொகுப்பில் வைத்து, வரிசையைக் குலைத்து, யாருக்கு நோய் வந்தது என்று சொல்லாமல் அளக்க வேண்டும். நூற்றுக்குப் பத்துப் படத்தை ரகசியமாக இரண்டாம் முறை நுழைத்துவிடுங்கள், நகர்வு எவ்வளவு என்று பிடிபடும்.

சரிசெய்வது: மெஷின் ஒரு விளக்க மாறியாக மாடலுக்குள் போகட்டும். இது வேலை செய்ய, இரண்டு மெஷினிலும் படம் எடுத்த பெண்கள் வேண்டும், மாற்றம் நடந்த தேதி இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்தால் இன்னும் நல்லது. நோய் வந்தவர்கள் எல்லாரும் பழைய மெஷினிலும் வராதவர்கள் பெரும்பாலும் புதியதிலும் இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே நிறுத்திவிட்டு மருத்துவ இயற்பியலாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். எல்லாப் படத்தையும் ஒரே மென்பொருளில் மறுபடி ஓட்டுவதுதான் பெரும்பாலும் மிஞ்சும் வழி. அது காசு, ஆறு மாதம், புது அனுமதிக் கடிதங்கள்.

## அறிகுறி 2: மாடல் எச்சரிக்கை கொடுக்கிறது, அல்லது நின்றுவிடுகிறது

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் மிக்ஸ்டு மாடல் (ஒருவரின் பல அளவீடுகளைச் சேர்த்துக் கணக்கிடும் மாடல்) ஓட்டியவர்களுக்கு "பவுண்டரி சிங்குலர் ஃபிட்" (தரவு தாங்குவதைவிட மாடல் அதிகம் கேட்கிறது) என்ற வரி நன்கு பழக்கம். உடனே இணையத்தில் தேடி ஆப்டிமைசரை (கணக்கைத் தீர்க்கும் நிரலை) மாற்றுவார்கள். அது கடைசியில் செய்ய வேண்டியது.

முதலில் வயது. வயதை அப்படியே போட்டால் இன்டர்செப்ட் (கோடு தொடங்கும் இடத்து மதிப்பு) என்பது பிறந்த குழந்தையின் அடர்த்தி என்று ஆகிறது. வயதிலிருந்து 50-ஐக் கழித்து 10-ஆல் வகுங்கள். பல எச்சரிக்கைகள் இதிலேயே போய்விடும்.

இரண்டாவது, ஒரு பெண் எத்தனை முறை வந்திருக்கிறார் என்று ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். பலருக்கு இரண்டே விசிட் என்றால், ஒவ்வொரு விசிட்டிலும் நான்கு படத்தைச் சராசரியாக்கி ஓர் எண்ணாக்கியும் இருந்தால், ஆளுக்கு ஆள் வேறுபடும் சரிவை (அடர்த்தி இறங்கும் வேகத்தை) மாடலிடம் கேட்பது அநியாயம். இரண்டு புள்ளி வழியாக எப்போதும் ஒரு கோடு பிசகாமல் போகும். அளவீட்டுப் பிழை எவ்வளவு, உண்மையான சரிவு எவ்வளவு என்று மாடல் எதை வைத்துப் பிரிக்கும்? சராசரியைக் கலைத்து நான்கு படத்தையும் தனித்தனியாகக் கொடுத்தால் ஓரளவு மூச்சு வரும். ஆனால் அன்றைக்கு எடை கூடியிருந்தது, அன்றைக்கு மெஷின் வேறாக இருந்தது போன்ற விசிட் அளவிலான ஆட்டம் அதில் பிரியாது.

மூன்றாவது, வளைவு. சதவீதங்கள் கீழ்ப்பக்கம் குவிந்து மேலே வால் நீட்டும். வர்க்கமூலம் எடுப்பது இந்தத் துறையில் பழைய வழக்கம், பெரும்பாலும் போதும். உங்கள் கையில் இருப்பது பைராட்ஸ் பிரிவுகள் (மருத்துவர் கண்ணால் பார்த்துத் தரும் நான்கு அடர்த்தித் தரங்கள்) மட்டும் என்றால், நான்கு பிரிவை 1, 2, 3, 4 என்று எண்ணாக்கி நேர்கோடு போடாதீர்கள். வரிசைப் பிரிவுகளுக்கான மாடல் தனியாக இருக்கிறது.

இதெல்லாம் ஆனபின்னும் அடம்பிடித்தால் ரேண்டம் ஸ்லோப்பை (ஆளுக்கொரு சரிவை) எடுத்துவிடலாம் என்பார்கள். எடுக்கலாம். ஆனால் பெண்களின் சரிவுகள் உண்மையிலேயே வேறுபடுமானால், அதை எடுத்த மாடல் சராசரிச் சரிவின் திட்டப் பிழையைக் குறைத்துக் காட்டும். எடுத்ததைக் கட்டுரையில் எழுதுங்கள்.

## அறிகுறி 3: பி மதிப்பில் பூஜ்யங்கள் நீண்டுகொண்டே போகின்றன

தற்செயல் மட்டும் இருந்தால் இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. 400 பெண்கள், 9,600 வரிசைகள், எல்லாவற்றையும் சாதாரண ரிக்ரெஷனில் கொட்டியிருப்பீர்கள். மென்பொருள் 9,600 பெண்கள் என்று நம்பிவிட்டது. பெண்ணின் அடையாள எண் மாடலில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இல்லையென்றால் கோளாறு அதுதான். மிக்ஸ்டு மாடலோ ஜிஇஇ-யோ (ஒரே பெண்ணின் அளவீடுகள் ஒத்திருப்பதைக் கணக்கில் எடுத்து, கூட்டத்தின் சராசரியைச் சொல்லும் முறை) போட்டால் சரியாகும். குடும்ப ஆய்வு என்றால் அக்கா தங்கைகள் ஒரே கோப்பில் இருப்பார்கள், அதற்கும் ஓர் அடுக்கு வேண்டும்.

## அறிகுறி 4: முடிவு அபாரமாக வந்திருக்கிறது

இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். "அடர்த்தி குறையாத பெண்களுக்கு ஆபத்து ஆறு மடங்கு" என்று ஒருவர் முகம் மலர வந்து நின்றால், நான் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சரிவை எந்தத் தேதி வரை உள்ள படங்களை வைத்துக் கணக்கிட்டீர்கள்?

பதில் பெரும்பாலும் "எல்லாப் படமும்" என்று வரும். 2010-இல் ஆய்வில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 2014-இல் நோய் தெரிந்தது. அவர் சரிவு நான்கு வருடப் படத்திலிருந்து வந்தது. இன்னொருவருக்கு 2019 வரை எதுவுமில்லை. அவர் சரிவு ஒன்பது வருடத்திலிருந்து. இரண்டையும் 2010-இலேயே தெரிந்த விஷயம் மாதிரி காக்ஸ் மாடலில் (நோய் வர எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்க்கும் மாடல்) போட்டிருக்கிறார்கள். ஒன்பது வருடச் சரிவு ஒருவருக்கு இருக்க வேண்டுமானால் அவர் ஒன்பது வருடம் நோயின்றி இருந்தாக வேண்டும். விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை அது. சரிவு மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி வேகமாகவும் அப்புறம் மெதுவாகவும் இருப்பதால், எத்தனை வருடம் பார்த்தோம் என்பதே சரிவின் அளவை மாற்றிவிடும்.

சோதனை அ. ஒவ்வொரு பெண்ணுக்கும், சரிவுக்குப் பயன்பட்ட கடைசிப் படத்தின் தேதியையும் அவருக்கு ஆபத்தை எண்ணத் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவது இரண்டாவதைத் தாண்டினால் எதிர்காலம் உள்ளே கசிந்திருக்கிறது. மிக்ஸ்டு மாடலை எல்லாத் தரவிலும் ஓட்டி, அதிலிருந்து ஆளுக்கொரு சரிவை உருவி அடுத்த மாடலில் போட்டாலும் இதே கசிவுதான். பார்க்க நாகரிகமாக இருக்கும், அவ்வளவே.

சோதனை ஆ. நோய் தெரிவதற்கு முந்தைய ஒரு வருடத்துப் படங்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு இரண்டு வருடம். தொடர்பு பொசுக்கென்று சரிந்தால், நீங்கள் அளந்தது கட்டியைத்தான். கட்டியும் படத்தில் வெள்ளைதான். பிரிட்டனில் பரிசோதனை மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஸ்வீடனில் 18 முதல் 24 மாதத்துக்கு ஒருமுறை. ஆகவே "ஒரு வருடம் நீக்கு" என்பதில் எத்தனை படம் போகும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நோய் வராத பக்கத்தை மட்டும் அளப்பதும் வழக்கமான தற்காப்பு.

சோதனை இ. படம் எதற்காக எடுக்கப்பட்டது என்ற பத்தி இருக்கிறதா? வழக்கமான பரிசோதனையா, மார்பகத்தைத் தொட்டுப் பார்க்கையில் கட்டி தட்டுப்பட்டு வந்ததா? இரண்டாவது வகை கலந்திருந்தால், அளவீடு எப்போது நடந்தது என்பதே நோயைப் பற்றிச் சொல்கிறது. அமெரிக்கத் தரவில் இன்னொரு சிக்கல்: 2024 செப்டம்பரிலிருந்து அங்கே ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய அடர்த்தியைப் பற்றி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடர்த்தி அதிகம் என்று கடிதம் வந்தவர் கூடுதல் பரிசோதனைக்குப் போவார், அங்கே அதிகம் கண்டுபிடிக்கப்படும்.

சரிசெய்வதில் மலிவானது லேண்ட்மார்க் முறை. நான்காவது வருடம் என்று ஒரு கோடு போடுங்கள். அதுவரை நோயில்லாதவர்கள் மட்டும், அதுவரை எடுத்த படங்கள் மட்டும், அதற்குப் பிறகு வந்த நோய் மட்டும். ஆட்கள் குறைவார்கள், முடிவு அடக்கமாகும், ஆனால் இரவில் தூக்கம் வரும். டாமாக்சிஃபென் மார்பகப் புற்றுநோயைத் தடுக்குமா என்று சோதித்த ஐபிஸ்-1 ஆய்வில் பார்த்தது மருந்து தொடங்கி 12 முதல் 18 மாதத்தில் எடுத்த படத்தை. அடர்த்தி 10 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கியவர்களுக்கு ஆபத்து 63 சதவீதம் குறைந்திருந்தது, இறங்காதவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. மாற்றத்தை அளக்க ஒரு குறித்த காலம் இருந்ததால்தான் அந்த முடிவைப் படிக்க முடிகிறது.

அடுத்த படி, காலத்தோடு மாறும் மாறியாக அடர்த்தியைக் காக்ஸ் மாடலில் கொடுப்பது. ஒவ்வொரு பெண்ணின் காலத்தையும் தொடக்கம், முடிவு என்று துண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஆர்-இல் சர்வைவல் தொகுப்பின் டிமெர்ஜ் என்ற கட்டளை அதைச் செய்துவிடும். கடைசி அளவை அடுத்த படம் வரை அப்படியே, பிழையே இல்லாதது மாதிரி இழுத்துச் செல்கிறது என்பதுதான் இதன் குறை.

அடர்த்தியின் போக்கையும் நோய் வரும் காலத்தையும் ஒன்றாகக் கணக்கிடும் ஜாயின்ட் மாடல் அந்தக் குறையைத் தீர்க்கும். இங்கே நான் சொல்வேன்: தனியாக இறங்காதீர்கள். ஓடுவதற்கு ஒரு நாள், ஓடியது சரியா என்று தெரிய ஒரு மாதம். முன்பு செய்து பழகிய புள்ளியியலாளரைக் கூப்பிடும் இடம் இதுதான்.

## அறிகுறி 5: எதுவுமே வரவில்லை, அபாய விகிதம் 1-ஐ ஒட்டிக் கிடக்கிறது

அபாய விகிதம் 1 என்றால் ஆபத்தில் வித்தியாசமே இல்லை என்று அர்த்தம். பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையின் அளவு) சேர்த்தீர்களா? எடை கூடினால் அடர்த்திச் சதவீதம் இறங்கும். மாதவிடாய் நின்ற பிறகு அதே எடை புற்றுநோய் ஆபத்தை ஏற்றும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால், பிஎம்ஐ இல்லாத மாடலில் அடர்த்தியின் விளைவு மங்கித்தான் தெரியும். முதல் நாள் எடை போதாது, ஒவ்வொரு படத்தன்றும் எடுத்த எடை வேண்டும்.

இடதையும் வலதையும் சராசரியாக்கினீர்களா? 2023-இல் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று வந்தது. புற்றுநோய் வந்த 289 பேர், வராத 658 பேர். பின்னாளில் நோய் வந்த மார்பகத்தில் அடர்த்தி இறங்கும் வேகம் குறைவு என்று கண்டார்கள். சராசரி போட்டிருந்தால் இந்த வித்தியாசம் கரைந்துபோயிருக்கும். நான்காம் அறிகுறியில் நோய் வராத பக்கத்தை அளக்கச் சொன்னேனே, இங்கே வேறு மாதிரி சொல்கிறேனே என்றால், ஆமாம். கேள்வி எது என்பதைப் பொறுத்தது. பெண்ணின் பொதுவான ஆபத்து என்றால் மறுபக்கம் போதும். பக்கம் சார்ந்த மாற்றம் என்றால் இரண்டும் வேண்டும், கட்டி நிழலாடும் கடைசிப் படங்களை நீக்கிவிட்டு.

ஒரே அளவீடு, ஆட்டம் அதிகம். ரத்த ஹார்மோனில் இது வாடிக்கை. மாதவிடாய் நின்ற பெண்களின் எஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்) மிகச் சிறிய அளவு, எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் பழைய இம்யூனோஅஸே அங்கே தடுமாறும், மூலக்கூறின் நிறையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி தேவலை. அளவீடு ஆடினால் தொடர்பு 1-ஐ நோக்கிச் சுருங்கும். எவ்வளவு சுருங்கியது என்று பார்க்க, சிலருக்காவது ஓரிரு வருட இடைவெளியில் இரண்டாம் ரத்த மாதிரி வேண்டும். அதிலிருந்து ஐசிசி (ஒருவரின் இரண்டு அளவீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண், 1 என்றால் முழு ஒற்றுமை). உதாரணக் கணக்கு: எஸ்ட்ரடயால் இரட்டிப்பானால் ஆபத்து 1.29 மடங்கு என்று ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் சொன்னார்கள். ஐசிசி 0.68 என்று வைத்துக்கொள்வோம். 1.29-இன் இயல் மடக்கை 0.255. அதை 0.68-ஆல் வகுத்தால் 0.374. திருப்பினால் 1.45.

இதில் இரண்டு பள்ளங்கள். ஒரே நாளில் ஒரே குழாயை இரண்டு முறை சோதித்து எடுத்த ஐசிசி ஆய்வகத்தின் துல்லியத்தை மட்டும் சொல்லும், பெண்ணின் உடல் ஆடுவதைச் சொல்லாது. இன்னொன்று, திருத்திய பிறகு நம்பக இடைவெளியும் விரியும், பி மதிப்பு நன்றாகாது. "திருத்தம் போட்டால் சிக்னிஃபிகன்ட் ஆகுமா?" என்று கேட்டவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இரண்டு மூன்று மாறிகள் ஒன்றாக ஆடும்போது இந்த எளிய வகுத்தல் செல்லாது, திருத்தம் எந்தத் திசையிலும் போகலாம். அங்கே ஆள் தேவை.

## அறிகுறி 6: ஜிஇஇ ஒன்று சொல்கிறது, மிக்ஸ்டு மாடல் வேறொன்று சொல்கிறது

விளைவு ஆம், இல்லை என்ற வகையா? அப்படியென்றால் இரண்டும் வேறு கேள்விக்குப் பதில், எண்கள் வேறுபட வேண்டியதுதான். தொடர் எண்ணாக இருந்தும் நன்றாக விலகினால், வராமல் போன பெண்களைப் பாருங்கள். முந்தைய அளவைப் பொறுத்துச் சிலர் நின்றிருந்தால் மிக்ஸ்டு மாடல் ஓரளவு தாங்கும், வெறும் ஜிஇஇ தாங்காது. முதல் படத்தில் அடர்த்தி அதிகம் இருந்தவர்கள், குறைவாக இருந்தவர்கள் என்று பிரித்து, எத்தனை பேர் கடைசிவரை வந்தார்கள் என்று எண்ணினாலே தெரியும். காலியான கட்டத்தில் முந்தைய எண்ணை இழுத்து நிரப்புவது மட்டும் வேண்டாம். இறங்கும் கோட்டை நீங்களே படுக்க வைக்கிறீர்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது

ஒரு பெண்ணுக்கு எத்தனை விசிட் என்ற அட்டவணை, மெஷின் வருடவாரிப் பட்டியல், முப்பது பேரின் இடியாப்பப் படம், சரிவுக்குக் கடைசித் தேதி எது என்ற ஒரு வரி. இவை இருந்தால் முதல் சந்திப்பு ஒரு மணி நேரத்தில் முடியும். பெயர், முகவரி, மருத்துவமனை எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். கோப்பில் "இது சந்தேகம்" என்று சில வரிசைகளுக்கு மஞ்சள் அடித்து வைத்திருப்பீர்கள். அந்த மஞ்சளை ஒரு பத்தியாக எழுத்தில் போட்டுவிடுங்கள். நான் திறக்கும் மென்பொருளுக்கு நிறம் தெரியாது.